மைதானத்தில் வாய்மை

கால்பந்து கால்களின் ஆட்டம் என்றாலும், அதில் குரலுக்கும் பெரும் பங்கு உண்டு. பந்தோடு ஓடும் சிறுவனின் பார்வை பந்தின்மீதே இருக்கும். முதுகுக்குப் பின்னால் எதிரணியினன் நெருங்குவதை அவன் காண இயலாது. அதைக் காணும் தோழன், ‘பின்னால் ஆள்!’ என்று எச்சரிக்கிறான். வேறொரு சமயம், ‘விடு, நான் எடுக்கிறேன்!’ என்கிறான். கேட்டவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்குரலை நம்பி அக்கணமே செயல்படுகிறான்.

இந்த நம்பிக்கையையே கருவியாக்கும் தந்திரம் ஒன்று உண்டு. எதிரணிச் சிறுவன் பின்னாலிருந்து, தோழனைப் போலவே ‘விடு!’ என்று கத்துகிறான். பந்து வைத்திருப்பவன் ஏமாந்து விட்டுவிடுகிறான். சில வேளைகளில் அது கோலாகவும் முடிகிறது. ‘கெட்டிக்காரப் பையன்’ என்று பாராட்டும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

கால்பந்து விதிகளோ இதை ஏற்பதில்லை. எதிரணியினரைச் சொல்லால் திசைதிருப்புவது விளையாட்டுப் பண்புக்கு முரணானது என்றும், அதற்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்றும் 12-ஆம் விதி கூறுகிறது. தன் தோழனை நோக்கி அதே சொல்லைக் கூறுவது குற்றமாகாது.

இங்கு ஒரு வினா எழுகிறது. வலப்புறம் செல்வதுபோல் உடலைச் சாய்த்து இடப்புறம் பாய்வதும் ஏமாற்றுதானே? அதை விதிகள் அனுமதிக்கின்றன. ரசிகர்கள் கைதட்டி மகிழ்கின்றனர். உடலால் ஏமாற்றுவது திறமை, சொல்லால் ஏமாற்றுவது குற்றம் என்பது எப்படிப் பொருந்தும்?

எதிராளியின் உடலசைவை நம்ப வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அதைக் கூர்ந்து கவனித்து முறியடிப்பதே ஆட்டம் என்று இருவரும் அறிந்தே களம் இறங்குகிறார்கள். ‘விடு’ என்ற சொல்லின் நிலை வேறு. தன் அறிவைப் பிறரிடம் சேர்ப்பதற்காகவே சொல் உள்ளது என்றும், அது வஞ்சனையற்று இருக்க வேண்டும் என்றும் யோக சூத்திரத்தின் வியாச பாஷ்யம் சத்தியத்தை விளக்குகிறது. பொய்க்குரல் எழுப்புபவன் எதிராளியின் திறமைக் குறைவைப் பயன்படுத்தவில்லை. அவன் தன் தோழன்மீது கொண்டிருந்த நம்பிக்கையைப் பயன்படுத்துகிறான்.

பாரதப் போரில் அசுவத்தாமன் இறந்தான் என்று பீமன் கூறியபோது துரோணர் நம்பவில்லை, தருமரிடம் கேட்டார். தருமர் வாழ்நாளெல்லாம் காத்த வாய்மையே அன்று அவருடைய சொல்லுக்கு வலிமை தந்தது. துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். நிலத்தில் படாமல் நால்விரல் உயரத்தில் சென்ற தருமரின் தேர் தரையைத் தொட்டது. பொய்க்குத் தனியாக வலிமை இல்லை. மெய் சேர்த்து வைத்த நம்பிக்கையைச் செலவழித்தே அது வெல்கிறது.

மைதானத்திலும் அதுவே நிகழ்கிறது. ஏமாந்த சிறுவன் அடுத்த முறை உண்மையான தோழன் அழைக்கும்போதும் தயங்குவான். ஒரு பந்தோடு, தோழமையின் ஒரு பகுதியும் அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. கத்தியவனுக்கும் இழப்பு உண்டு. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இவன் சொல் மாறும் என்று அவனுடைய அணியினரே அறிந்துகொள்கிறார்கள்.

1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை போன்ற பள்ளிப் போட்டிகளில் பல மாநிலச் சிறுவர்கள் ஒருவரையொருவர் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். வெற்றி தோல்வியோடு, எதிரணியினர் எப்படிப்பட்டவர்கள் என்ற நினைவையும் அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்வார்கள்.

ஆரவாரத்தில் எல்லாக் குரலும் நடுவரின் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாத இடத்தில் பொறுப்பு பயிற்சியாளருடையது. தோழனைப் பெயர் சொல்லி அழைக்கப் பழக்குவது ஒரு நல்ல தொடக்கம். அதைவிட முக்கியமானது, பொய்க்குரலால் கிடைத்த கோலுக்குப் பின் அவர் சிரிக்கிறாரா, அல்லது அந்தச் சிறுவனைத் தனியே அழைத்துப் பேசுகிறாரா என்பது. அணியிலுள்ள மற்ற சிறுவர்கள் அப்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.