சுட்டது யார்?

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ரோல்ட் டாலைத் தெரிந்திருக்கும். 'சார்லி அண்ட் த சாக்லெட் ஃபேக்டரி' எழுதியவர். பிள்ளைகளுக்குச் சாக்லெட் ஆறு காட்டிய அந்த மனுஷர், ஒரு காலத்தில் போர் விமானி.

1939-ல் அவர் ஆப்பிரிக்காவில், தார் எஸ் சலாமில் ஷெல் கம்பெனி ஊழியர். வயசு 23. யுத்தம் வந்ததும் நைரோபிக்குப் போய் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். ஆறரை அடி உயரம். அவரோடு சேர்த்து 16 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் அதில் 13 பேர் வானத்திலேயே செத்துப்போனார்கள் என்று பின்னாளில் எழுதினார்.

1940 செப்டம்பர் 19. அவருக்கு 24 வயசு முடிந்து ஆறே நாள். முதன்முதலாகப் போர்முனைக்குப் போகிறார். எகிப்துப் பாலைவனத்தில் இருக்கும் 80-வது ஸ்குவாட்ரனில் போய்ச் சேர வேண்டும். கிளாடியேட்டர் விமானம், தனி ஆள். முகாம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வெறும் மணல். சுற்றிச் சுற்றித் தேடினார். பெட்ரோல் தீர்கிறது, பொழுது சாய்கிறது. வேறு வழியில்லாமல் தரையிறக்கப் பார்த்தார். சக்கரம் பாறையில் மோதியது. மண்டை உடைந்து, மூக்கு நசுங்கி, எரிகிற விமானத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். பல வாரம் கண் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் எதிரியே கிடையாது. சொன்ன இடம் தப்பு, அவ்வளவுதான்.

1942-ல் வாஷிங்டன் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை. அங்கே சி. எஸ். ஃபாரஸ்டர் என்ற பிரபல எழுத்தாளர் சாப்பிட அழைத்து, உங்கள் போர் அனுபவத்தைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றார். டால் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆகஸ்ட்டில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் வந்தது. தலைப்பு என்ன தெரியுமா? 'லிபியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டேன்'!

சுட்டது யார்? யாருமே இல்லை.

இத்தனைக்கும் அவர் கோழை இல்லை. உடம்பு தேறியதும், இனி பறக்க வேண்டாம் என்று இருந்திருக்கலாம். போனார். 1941 ஏப்ரலில் கிரீஸில், ஆதன்ஸ் நகருக்கு மேலே, விரல்விட்டு எண்ணக்கூடிய ஹரிகேன் விமானங்களில் ஒன்றை ஓட்டிக்கொண்டு, பல மடங்கு ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நின்றார். ஏப்ரல் 20-ம் தேதிச் சண்டையில் தலைமை தாங்கிய பேட் பேட்டிலே செத்துப்போனார். டால் உயிரோடு திரும்பினார். நிஜமான குண்டுமழையைப் பார்த்த ஆளுக்கு, ஒரு பொய்க் குண்டு எதற்கு?

யுத்த நேரம், சொந்தப் படையின் தப்பை அச்சில் போட முடியுமா, ஊருக்கு ஒரு வீரக் கதை வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் 1945-ல் யுத்தத்தோடு முடிந்துபோனது. எனக்குத் தோன்றுவது வேறு. அடிபட்டு விழுந்தேன் என்றால் மரியாதை. வழி தெரியாமல் விழுந்தேன் என்றால் 'அடப் பாவமே'. உடைந்த மண்டை ஒன்றுதான். வலியும் ஒன்றுதான். ஆனாலும் நம் விழுகைக்கு நமக்கு ஓர் எதிரி தேவைப்படுகிறான்.

நாம் மட்டும் என்ன? பரீட்சையில் கோட்டை விட்டால் கேள்வித்தாள் சரியில்லை. கடை நொடித்தால் பார்ட்னர் கவிழ்த்துவிட்டான். கணக்கு தெரியாமல் கடை வைத்தேன் என்று சொன்ன ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

நானும் யோக்கியன் இல்லை. நிருபராகச் சேர்ந்த புதிதில், ஒரு மறியலைப் பார்க்க மொபெட்டில் போனேன். மணலில் சறுக்கி விழுந்து முழங்கை உடைந்தது. ஆபீசில் கேட்டபோது, 'கூட்டத்துல தள்ளுமுள்ளு சார்' என்றேன். இன்றைக்கும் அந்தத் தழும்பைக் காட்டினால் என் பையன் கண் விரிகிறது.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் இடித்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு அப்போதைக்கு ஒப்பேற்றுவோம். தப்பு தெரிந்ததும் திருத்த என்ட்ரி போட்டு அதை முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் வருஷா வருஷம் கூடவே வரும்.

டாலுக்கும் கூடவே வந்தது. யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கதையையே மாற்றி எழுதினார். அப்படியும் 'சுட்டு வீழ்த்தப்பட்டவர்' என்ற பேர் போகவில்லை. கடைசியில் 1986-ல், 'கோயிங் ஸோலோ' என்ற சுயசரிதையில், என்னை யாரும் சுடவில்லை, இடத்தைத் தப்பாகச் சொன்னார்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதினார். அப்போது அவருக்கு 70 வயசு.

ஒருவன் எப்போது பெரிய மனுஷன் ஆகிறான்? முதன்முதலாகப் போர்முனைக்குப் பறந்தபோதா? மறுபடி பறக்கத் துணிந்தபோதா? இரண்டுக்கும் தைரியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிரி இல்லாத ஒரு விழுகையை, எதிரி இல்லாமலே சொல்ல முடிகிறதே, அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன். அது 24-லும் வரலாம், 70-லும் வரலாம். சிலருக்கு வராமலே போகலாம்.

என் பையன் ஸ்கூலிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மொபெட் கதையை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.