மேரி ஜோன்ஸுக்கு வந்த கடிதங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கத் தொடங்குகிற யாருக்கும் முதலில் கிடைப்பது லிங்கன், லீ, கெட்டிஸ்பர்க். எனக்கும் அப்படித்தான். ஒரு கட்டத்துக்கு மேல் படைகளின் நகர்வு அலுத்துப்போய்விட்டது. சண்டைக்குப் போகாதவர்கள் அந்த வருடங்களில் என்ன எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று தேடியபோது கையில் சிக்கியது ‘தி சில்ட்ரன் ஆஃப் பிரைட்’. ஜார்ஜியா கடலோரத்தில் லிபர்ட்டி கவுண்டி என்கிற பகுதியில் வாழ்ந்த ஒரே குடும்பத்தின் கடிதங்கள், 1854 முதல் 1868 வரை. ராபர்ட் மேன்சன் மையர்ஸ் தொகுத்து 1972இல் வெளிவந்தது. 1,800 பக்கங்களுக்கு மேல். தலைக்கு வைத்துப் படுக்கலாம், கழுத்து வலிக்கும்.

அந்தக் குடும்பத்தின் மையம் மேரி ஜோன்ஸ். கணவர் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ், பிரெஸ்பிட்டீரியன் போதகர். மூத்த மகன் சார்ல்ஸ் ஜூனியர் சவானா நகரில் வழக்கறிஞர். 1860இல் அந்நகரத்தின் மேயரானவர். அடுத்தவர் ஜோசப், மருத்துவர். மகள் மேரி ஷார்ப் ஒரு போதகரை மணந்தவர். மான்டிவிடியோ, ஆர்கேடியா, மேபேங்க் என்று மூன்று தோட்டங்கள். நெல்லும் பருத்தியும். மலேரியாவுக்குப் பயந்து பருவத்துக்கு ஒரு வீடு. 100க்கும் மேற்பட்ட அடிமைகள்.

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்: இவை அழகான கடிதங்கள். பிள்ளைகள் அம்மாவுக்கு எதையும் எழுதுவார்கள். குழந்தைக்குப் பல் முளைத்தது, காய்ச்சல் வந்து போனது, ஞாயிறு பிரசங்கம் எப்படி இருந்தது, ரோஜாச் செடி பிழைத்ததா. அம்மா பதில் எழுதுவார், கூடவே ஏதாவது பார்சல் வரும். படிக்கப் படிக்க இவர்களைப் பிடித்துப்போகிறது. பிரச்சனையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘அடிமை’ என்ற சொல் இந்தக் கடிதங்களில் அபூர்வம். வேலைக்காரர்கள் என்பார்கள், அல்லது மக்கள் என்பார்கள். ‘நம் மக்கள்’. தமிழில் இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘நம்ம ஆளுங்க’. பண்ணை வீட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரிந்திருக்கும். பாசமும் பாத்தியதையும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாத ஒரு சொல். கடிதங்களின் முடிவில் இன்னொரு வழக்கம். குடும்பத்தில் இருப்பவர்களுக்கு ‘அன்பு’ அனுப்புவார்கள். வேலைக்காரர்களுக்கு ‘ஹவுடி’. நம் வீட்டுக் கடிதங்களில் ‘எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்று எழுதுவோமே, அதுமாதிரி. அன்பு ஒரு வரியில், கேட்டதாகச் சொல்வது அடுத்த வரியில். இந்த எல்லையை யாரும் மறந்தும் தாண்டுவதில்லை.

இதையெல்லாம் பார்த்ததும் நமக்கு இரண்டு தீர்ப்புகள் ரெடியாக இருக்கின்றன. ஒன்று, ‘காலம் அப்படி, அவங்களுக்கு வேற என்ன தெரியும்?’ இரண்டு, ‘எல்லாம் வேஷம்.’ இரண்டுமே இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை.

முதல் தீர்ப்பைக் கணவரின் கடிதங்களே உடைத்துவிடுகின்றன. இந்தத் தொகுப்பின் காலத்துக்கு முந்தைய கடிதங்கள் அவை. எர்ஸ்கின் கிளார்க் 2005இல் வெளியிட்ட ‘டுவெல்லிங் பிளேஸ்’ நூலில் விரிவாக வருகின்றன. இருபதுகளில் ஜோன்ஸ் இறையியல் படிக்க வடக்கே போகிறார். முதலில் ஆன்டோவர், பிறகு பிரின்ஸ்டன். அதற்கு முன்பே பூர்வீகச் சொத்தாக அடிமைகள் அவர் பெயரில் இருந்தார்கள். அங்கிருந்து 1829-30இல், தான் மணக்கவிருந்த உறவுக்காரப் பெண்ணான மேரிக்கு எழுதுகிறார். அடிமைமுறை கடவுளின் சட்டத்துக்கும் மனிதரின் சட்டத்துக்கும் ஒருசேர விரோதமானது என்று, சுற்றிவளைக்காமல். தன் ஆட்களை விடுவித்துவிடலாமா, வடக்கிலேயே தங்கிவிடலாமா, அல்லது ஊருக்குத் திரும்பி அவர்களுக்கு ஊழியம் செய்யலாமா என்று மாற்றி மாற்றி யோசிக்கிறார். ஆக, அவருக்குத் தெரியும். படித்த மேரிக்கும் தெரியும். 30 வருடம் கழித்துப் போர் மூண்டபோது ‘யாரும் சொல்லித்தரவில்லை’ என்று சொல்ல இருவராலும் முடியாது.

அப்புறம் என்ன நடந்தது? எந்த வாதமும் அவரைத் தோற்கடிக்கவில்லை. அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். ஆற்றங்கரை, மிட்வே தேவாலயம், காத்திருக்கும் மேரி, இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம். விடுதலை என்றால் அத்தனையும் போகும். 1830 டிசம்பரில் கல்யாணம். அடிமைகளுக்கு கிறிஸ்தவம் கற்பிப்பதே தன் ஊழியம் என்று முடிவு செய்து லிபர்ட்டி கவுண்டியிலேயே இருந்துவிட்டார்.

அந்த முடிவை நான் கேலி செய்யவில்லை. அவர் உழைத்தார். மழையில், கொசுவில், ராத்திரிகளில் தோட்டம் தோட்டமாகக் குதிரையில் போனார். வாய்மொழியாகக் கற்பிப்பதற்கென்றே ஒரு ஞானோபதேச நூல் எழுதினார். ஏன் வாய்மொழி? அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஜார்ஜியாவில் 1829 சட்டப்படி குற்றம். ‘நல்ல எஜமான்’ ஆவது என்று அவர் தேர்ந்தெடுத்த வழியில் ஒரு சிக்கல் இருந்தது. நல்ல எஜமானாக இருக்க எஜமானாக இருந்தாக வேண்டும். ஒருமுறை, ஓடிப்போன அடிமையைப் பவுல் திருப்பி அனுப்பும் பிலேமோன் நிருபத்தை வைத்து அவர் பிரசங்கம் செய்தபோது, கேட்டுக்கொண்டிருந்த அடிமைகளில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவரே அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். நேர்மையான மனிதர்தான். அந்த வெளிநடப்பு ஒரு பதில் என்பது மட்டும் அவருக்கு எட்டவில்லை.

இரண்டாவது தீர்ப்பு, வேஷம் என்பது. வேஷம் போடுகிறவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்க வேண்டும். இங்கே உள்ளேயும் பாசம்தான் இருக்கிறது. அந்தப் பாசம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க, போருக்கு நான்கைந்து வருடம் முன்னால் போக வேண்டும்.

1856இல் ஜேன் என்கிற பெண் தோட்டத்திலிருந்து தப்பி சவானாவுக்குப் போனார். மகன் சார்ல்ஸ் ஜூனியர் அவரைக் கண்டுபிடித்தார். அந்தக் குடும்பத்தையே விற்றுவிடுவது என்று முடிவானது. இதைப் பற்றி அப்பா, அம்மா, மகன் எழுதிக்கொண்ட கடிதங்களில் விலையும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது. குடும்பத்தைப் பிரிக்காமல் விற்க வேண்டும் என்று நிபந்தனை. தாங்கள் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்கிற நிம்மதி அந்த வரிகளில் தெரிகிறது. வாங்கியவன் அவர்களை நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுபோனான்.

1857 மார்ச் 17 தேதியிட்டு நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ஜேனின் பெற்றோர் ஃபீபி, கேஷ் பெயரில். லிபர்ட்டி கவுண்டியில் தங்களுக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரருக்கு, தங்கள் சொந்தங்களிடம் சொல்லச் சொல்லி. எழுத்துப் பிழைகள் நிறைந்த, மூச்சு விடாத கடிதம். ஜனவரி தொடக்கத்தில் சவானாவை விட்டோம். பிப்ரவரி முதல் தேதி ஜேன் இறந்துவிட்டாள், என்ன நோய் என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. எங்களை வன்மத்தால் விற்றார்கள், ஆனாலும் அது நல்லதற்கே என்று நம்புகிறோம். இதற்கு நடுவில் பெயர்கள், பெயர்கள். மகள் கிளாரிசா, அவர் கணவர், பேரக் குழந்தைகள் ஒவ்வொருவராக. பிரிக்காமல் விற்ற குடும்பத்தில் இவர்கள் யாரும் இல்லை என்பது இந்தப் பட்டியலில்தான் நமக்குத் தெரியவருகிறது. இந்தக் கடிதத்தில் ஹவுடியும் அன்பும் ஒரே ஆட்களுக்குப் போகின்றன.

கிளாரிசாவுக்குச் சொல்லச் சொன்ன அந்தக் கடிதம் கடைசியில் தங்கிய இடம் ஜோன்ஸ் குடும்பத்தின் காகிதக் கட்டு.

என் வேலையில் தினமும் லாக் ஃபைல்களைப் பார்க்கிறேன். லாக்கில் ஒன்று இல்லை என்றால் அது நடக்கவில்லை என்று புது ஆட்கள் நினைப்பார்கள். எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று யாரோ முன்பே முடிவு செய்திருப்பார்கள், அதுதான் வரும். ஒரு பக்கம் ஆயிரத்துக்கும் அதிகமான கடிதங்கள். இன்னொரு பக்கம், எழுத்து தடை செய்யப்பட்டவர்களிடமிருந்து தப்பித்து வந்த ஒன்றிரண்டு. அந்தக் குடும்பத்தின் அன்பு நமக்கு இவ்வளவு விரிவாகத் தெரிவதும், ஃபீபியின் அன்பு ஒரு தாளில் முடிவதும் தற்செயல் கிடையாது.

இனி 1861. ஜனவரி 3ஆம் தேதி ஜார்ஜியா படையினர் சவானா ஆற்று முகத்தில் இருந்த புலாஸ்கி கோட்டையைக் கைப்பற்றினார்கள். 19ஆம் தேதி மாநிலம் ஒன்றியத்திலிருந்து விலகியது. அந்த மாதக் கடைசியில் மகன் பெற்றோருக்கு எழுதுகிறார்: இந்த நாட்டில் இரண்டு இனங்கள் உருவாகிவிட்டன, மூலம் ஒன்றாக இருந்தாலும் ஒழுக்கத்திலும் மதத்திலும் மானத்திலும் இவ்வளவு விலகியபின் ஒரே அரசின் கீழ் வாழ முடியாது என்கிறார். அவர் சொல்லும் இரண்டு இனங்களும் வெள்ளையர்கள்தான், தெற்கத்தியர், வடக்கத்தியர். எழுதியவர் பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் படித்தவர், கூடப் படித்த வடக்கத்திய நண்பர்கள் உண்டு. வேறொருவர் மேடையில் இதைப் பேசினால் சத்தமாக இருந்திருக்கும். வீட்டுக் கடிதத்தில், அம்மாவின் உடல்நல விசாரிப்புக்குப் பக்கத்தில், இது எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது! மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. அன்பானவர்களுக்கு எழுதும்போது நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதைத்தான் எழுதுகிறோம். நம்ம ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டுக்கு யாரும் பதில் போடாமல் கும்பிடு போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த வருடம் ஜூலையில் சார்ல்ஸ் ஜூனியரின் வீட்டில் இடி விழுந்தது. சின்ன மகள் ஜூலியாவும் மனைவி ரூத்தும் சில நாட்கள் இடைவெளியில் இறந்தார்கள். பிறந்து சில நாட்களே ஆன பெண்குழந்தை மிச்சம். அதைப் பாட்டி மேரி எடுத்து வளர்த்தார். இந்தக் கடிதங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. துக்கத்தில் போலி எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் மரணம் என்றால் என்னவென்று இந்த வீட்டுக்கு அணு அணுவாகத் தெரிந்திருந்தது. ஜேனும் ஒருவருக்குக் குழந்தைதான். அதற்கான சான்று அவர்களுடைய சொந்தக் காகிதங்களுக்கு நடுவிலேயே கிடந்தது.

அன்பு அதிகமானால் நியாயமும் கூடவே விரியும் என்று நாம் சும்மாவே நம்புகிறோம். வீட்டில் நேசிக்கக் கற்றவன் வெளியிலும் நேசிப்பான் என்று. இந்தக் கடிதங்கள் எனக்கு அந்த நம்பிக்கையைக் கெடுத்தன. இங்கே அன்பு ஒரு வேலி மாதிரி வேலை செய்கிறது. வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஆசை உண்மையாக இருக்க இருக்க, அந்த வீட்டைத் தாங்கி நிற்பது எது என்கிற கேள்வியைக் கேட்பது துரோகமாகிவிடுகிறது. 1830இல் கேள்வி கேட்ட இளைஞர் 1862 ஜூலையில் மகனுக்கு என்ன எழுதுகிறார் தெரியுமா? கவுண்டியிலிருந்து 50க்கும் மேற்பட்ட அடிமைகள் கடற்கரையில் நின்ற வடக்குக் கப்பல்களுக்கு ஓடிவிட்டார்கள். பிடிபட்டால் அவர்களைக் கலகக்காரர்களாகக் கருதித் தண்டிக்க முடியுமா, சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர் மகனிடம் யோசனை கேட்கிறார். கொடூரக்காரர் எழுதிய கடிதம் மாதிரி இருக்காது. கவலைப்பட்ட ஒரு அப்பாவின் கடிதம்.

அவர் 1863 மார்ச்சில் இறந்தார். 1864 டிசம்பரில் ஷெர்மனின் குதிரைப்படை மான்டிவிடியோவுக்குள் வந்தது. மேரி அங்கே நிறைமாத மகளோடும் குழந்தைகளோடும் இருந்தார். சிப்பாய்கள் வீட்டைச் சூறையாடினார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவிலேயே, 1865 ஜனவரியில், மகளுக்குக் குழந்தை பிறந்தது. மேரியின் தைரியத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவரை அதிகம் காயப்படுத்தியது சிப்பாய்கள் மட்டுமில்லை. தாயில்லாப் பேத்தியை வளர்த்த சூசன், படை வந்த கையோடு கணவருடன் கிளம்பிப் போய்விட்டார். கேட்டோ என்பவர் பல வருடங்கள் மான்டிவிடியோவில் மற்ற அடிமைகளை மேற்பார்த்த மேஸ்திரி. 1850களில் எஜமான் வெளியூரில் இருந்தபோது விசுவாசமும் பிரியமும் ததும்பும் கடிதங்களைச் சொல்லி எழுதவைத்து அனுப்பியவர். விடுதலைக்குப் பிறகு அதே கேட்டோவைத் திமிர் பிடித்தவர், சோம்பேறி, நேர்மையற்றவர் என்று மேரி எழுதுகிறார்.

கேட்டோ மாறிவிட்டார் என்று மேரி நினைத்தார். எழுதித் தருகிறவரும் வெள்ளைக்காரர், படிக்கப்போகிறவர் எஜமான் எனும்போது கேட்டோ வேறு என்ன சொல்லி அனுப்பியிருக்க முடியும் என்று கேட்டுப் பார்ப்பதற்கு, அந்தப் பழைய பிரியத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை மேரி கைவிட வேண்டியிருந்திருக்கும். அதைவிட நன்றிகெட்ட ஆள் என்று நினைப்பது சுலபம். இங்கே எனக்கு மேரி மேல் கோபத்தைவிட வேறு ஒரு பயம் வருகிறது. நம்மைச் சார்ந்து இருப்பவர்கள் நம்மிடம் காட்டும் பிரியத்தை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? பாத்திரம் தேய்க்க வரும் அக்கா சிரித்த முகமாக இருப்பதை நம் நல்ல குணத்துக்கான சர்டிஃபிகேட்டாகச் சொல்லாத வீடு எத்தனை?

கூலிக்கு ஆள் வைத்துத் தோட்டத்தை நடத்த மேரி சில வருடம் முயன்றார். முடியவில்லை. 1868 ஜனவரியில் மான்டிவிடியோவை விட்டு மகளோடு இருக்கப் போனார். மருமகன் அப்போது நியூ ஆர்லியன்ஸில் போதகராக இருந்தார். ஃபீபியும் கேஷும் விற்கப்பட்ட ஊர். 1869 ஏப்ரலில் மேரி அங்கேயே இறந்தார். குடும்பத்தின் காகிதங்களில் ஒரு பெரும் பகுதி பிற்பாடு அதே ஊரின் டுலேன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1857 மார்ச் 17 தேதியிட்ட அந்தக் கடிதமும் அதற்குள்தான் இருக்கிறது.