விலையைக் கண்டு தலைகுனியாதே

2,80,428 ரூபாய். சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் தரப்படும் சோராஃபெனிப் மாத்திரைக்குப் பேயர் நிறுவனம் இந்தியாவில் வைத்திருந்த விலை இது. அதுவும் ஒரே ஒரு மாதத்துக்கு, 120 மாத்திரைக்கு. 2012 மார்ச் 9 அன்று, காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன், பேயரின் சம்மதம் இல்லாமலேயே அந்த மருந்தைத் தயாரிக்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். அதே மருந்து, அதே 120 மாத்திரை. விலை 9,000 ரூபாய்க்கும் கீழே வந்தது.

அம்மாவின் மருந்துச் சீட்டைப் பிடித்தபடி மருந்தகத்தின் முன்னால் திகைத்து நிற்கும் தம்பி, தங்கையே, இந்த இரண்டு எண்களையும் மனதில் ஏற்றிக்கொள். மருந்தின் விலை தலையெழுத்து அல்ல. மனிதர் வைத்த விலை அது. மனிதர் எழுந்து நின்று கேட்டபோது இறங்கியும் இருக்கிறது.

இன்னொரு பெரிய சண்டை நம் சென்னையில் தொடங்கியது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காரர்களை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கும் மருந்து இமாட்டினிப். அந்த நாட்களில் நோவார்டிஸின் கிளிவெக் என்ற பெயரில் வாங்கினால் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது; இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்குச் சுமார் 10,000. நோவார்டிஸுக்குக் காப்புரிமை கிடைத்திருந்தால் அந்த மலிவு மாத்திரைக்கு வழி அடைபட்டிருக்கும். எதிர்த்து மனுப் போட்டவர்களில் மருந்துக் கம்பெனிகளோடு ஒரு நோயாளிகள் அமைப்பும் இருந்தது: மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன். 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்டிஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்து வைத்தது. உலகின் மிகப் பெரிய மருந்து நிறுவனங்களுள் ஒன்றின் எதிரில் நோயாளிகளின் பக்கம் நின்றவர்கள் கூசவில்லை. ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் மருந்தாளுநரிடம், “இதே மருந்து வேறு கம்பெனியில் என்ன விலை?” என்று கேட்க நீ ஏன் கூச வேண்டும்?

நம் வீடுகளில் இந்தக் கூச்சம் நோயைவிட ஆழமாக வேர்விட்டிருக்கிறது. தாலிச் சங்கிலியை அடகு வைப்போம், மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்குவோம். ஆனால் “டாக்டர், எங்களால் இவ்வளவு முடியாது” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பிள்ளைகள் மறைப்பது ஒரு பக்கம். பெற்றவர்கள் மறைப்பது அதைவிடக் கொடுமை. “இந்த வாரம் நல்லாத்தாம்ப்பா இருக்கு, மாத்திரையை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்” என்று ஒரு அப்பா சொன்னால், அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடாதே. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார். இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, உன் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தன் உயிரைச் செலவு செய்துகொண்டிருப்பார். அவரைத் திட்டாதே. எதிரில் உட்கார்ந்து, வீட்டுக் கணக்கை ஒளிக்காமல் சொல். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேண்டும், மீதிக்கு எங்கே கேட்கப் போகிறோம் என்று சொல். இருட்டில் வைத்தால்தான் அவர் பயப்படுவார். கணக்குத் தெரிந்தால் உன்னோடு சேர்ந்து போராடுவார்.

மருத்துவரிடம் கேள். பிராண்டுப் பெயருக்குப் பதில் அதே மருந்தின் ஜெனரிக் கொடுக்கலாமா? ஊசி மருந்துக்குப் பயோசிமிலர், அதாவது அதற்கு இணையான மாற்று மருந்து, இருக்கிறதா? கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நீயே முடிவு கட்டாதே. பணம் தீர்ந்து சிகிச்சை பாதியில் நிற்பதைத்தான் எந்த நல்ல மருத்துவரும் அஞ்சுவார். ஆனால் அவருக்குத் தெரியாமல் மருந்தை மாற்றாதே, குறைக்காதே. கீமோ நடக்கும் நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நடுராத்திரி என்றாலும், செலவை எண்ணாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. அங்கே மட்டும் கணக்குப் பார்க்காதே.

அரசிடம் கேள். அது பிச்சை அல்ல, உன் குடும்பத்தின் உரிமை. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போ. சிகிச்சை தொடங்கும் முன்பே அட்டையைக் காட்டி முன் அனுமதி வாங்கு. பணம் கட்டிய பிறகு அலைவதைவிட அதுவே மேல். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரி. எந்த அறக்கட்டளைக்கு எப்படி எழுத வேண்டும் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும். சென்னைக்கோ வேலூருக்கோ ரயிலில் போகிறாயா? புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது, மருத்துவமனையின் சான்றிதழ் போதும். 2019இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டது. அட்டையில் அச்சடித்த விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்திருந்தால் அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டிருக்கும்! ஆகவே ஒரே கடையில் நிற்காதே. மூன்று கடை ஏறு. மக்கள் மருந்தகத்திலும் கேள்.

விடாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அடையாறே சாட்சி. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் அக்காவால் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் கேட்டார். புற்றுநோய் வந்தவன் சாகத்தானே போகிறான் என்று நினைத்த காலம் அது. 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மையம் திறந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அந்த மையத்தை விட்டு விலகவில்லை. காசில்லாதவருக்கும் சிகிச்சை உண்டு என்ற பிடிவாதத்தில் வளர்ந்த இடம் அது.

எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடாது. சில கதவுகள் முகத்தில் அறைந்து சாத்தப்படும். எல்லாம் செய்தும் நோய் ஜெயிக்கலாம். அதற்காக உன்னை நீயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அண்ணன், தம்பி, அக்கா எல்லோரையும் கூப்பிட்டு வேலையைப் பங்கு போடு. பணம் தர முடியாதவர் இரவில் துணைக்கு இருக்கட்டும், வரிசையில் நிற்கட்டும், ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கட்டும்.

இன்று இரவே ஒரு தாளில் உன் கேள்விகளை எழுது. நாளை வெளிநோயாளர் பிரிவில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது, அறிக்கைகளுக்கு முன்னால் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, குரல் நடுங்கினாலும் முதல் கேள்வியைக் கேள்.