கூடை இல்லாத இலக்கு

மரக்காணத்து உப்பளங்களில் இரும்பு நிலைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கினால் பாத்தி, வரப்பு, வாரிக் குவித்த உப்பு, ஓரத்தில் பனை. உப்பு வாருவது நீளக் கழியில் மாட்டிய மரப்பலகையால். இந்த வெளியில், தட்டை எறிந்து இலக்கில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட நினைப்பவர் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையை நட்டால் துருவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அதைவிட மேட்டில் நிற்கும் ஒற்றைப் பனையைக் காட்டி, “அதுதான் இலக்கு” என்று சொல்லிவிட்டுத் தட்டை எறியலாம். சொன்ன மாத்திரத்தில் பனை இலக்காகிவிடுமா? இது விளையாட்டுக் கேள்வி மட்டுமல்ல. வழிபாட்டின் அடியிலும் இதே கேள்வி இருக்கிறது.

கூடை பிறகு வந்ததுதான். 1926இல் கனடாவின் பிளாட்வொர்த் என்ற ஊரில் பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளை எறிந்து இப்படி ஓர் ஆட்டம் ஆடினார்கள். அமெரிக்காவில் மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என்று கண்ணில் பட்டதெல்லாம் இலக்கு. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்த மைதானத்திலும் முதலில் வெறும் கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. அவர் சங்கிலிக் கூடையைச் செய்து 1977இல் காப்புரிமை பெற்றார். தட்டு கூடையில் தங்கிவிட்டால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

கூடை இல்லாத மைதானத்துக்கும் விதி உண்டு. குறித்து வைத்த பகுதியில் தட்டு பட வேண்டும். பட்டதா என்பதைக் குழுவில் பெரும்பாலானவர்களோ நடுவரோ சொல்ல வேண்டும். சங்கிலி செய்த வேலையை இங்கே மனிதர்களின் வாய்ச்சொல் செய்கிறது.

மனிதர் ஒத்துக்கொண்டு ஒரு பொருளை வேறொன்றாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மாசி மகத்து முழுநிலவு நாளில் மரக்காணத்துக்கு வடக்கே மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் திரள்கிறார்கள். குடும்பம் குடும்பமாக மணலிலேயே தங்குகிறார்கள். விடியும் நேரத்தில் கையால் ஈர மணலை அணைத்து, தட்டி, ஏழு படி கட்டுகிறார்கள். பூ, வெற்றிலை, தேங்காய், பழம் வைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். திருமணமும் காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. கருவறை கிடையாது, கற்சிலை கிடையாது. வீட்டில் மஞ்சளைக் குழைத்துப் பிடித்து வைத்தால் பிள்ளையார். பூசை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். கரைத்ததற்காக யாரும் வருந்துவதில்லை. பூசை நடந்த வரைக்கும் அது மெய்யாகவே பிள்ளையார்தான்.

இதை வைத்து, எல்லாமே நாம் ஒத்துக்கொள்வதில்தான் இருக்கிறது என்று முடித்துவிடத் தோன்றும். அது பாதி உண்மை. பனையை இலக்காக்குவது ஆடுபவர்களின் சம்மதம். தட்டு பனையில் பட்டதா என்பதைச் சம்மதம் தீர்மானிப்பதில்லை. நான்கு பேரும் சேர்ந்து கையைத் தூக்கினாலும் படாதது பட்டதாகாது. மணலில் அம்மனை அமைப்பது மனிதக் கை. ஆனால் அவள் முன் நேர்ந்துகொண்டதைச் செலுத்தியாயிற்றா இல்லையா என்பது நேர்ந்தவர் வசதிப்படி மாறாது. மண்ணும் மஞ்சளும் கரையலாம், வாக்கு கரையாது. அப்படியானால், பார்த்தவர் யாருமே இல்லாதபோது உண்மையை யார் காப்பது?

1925இல் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் பாபி ஜோன்ஸ் புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கக் குனிந்தபோது அது சற்றே அசைந்தது. அவரைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. அதிகாரிகள் விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை. தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டச் சொன்னார் அவர். கடைசியில் இருவர் சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் ஒரே அடி வித்தியாசத்தில் தோற்றார். பார்வையாளர் கூட்டமும் நடுவர்களும் நிறைந்த இடத்தில், சாட்சி இல்லாத அந்த ஒரு கணத்தில், கோல்ஃப் என்ற ஆட்டமே அவர் ஒருவரின் மனசாட்சியில் நின்றது.

எல்லாரும் ஜோன்ஸ் ஆகிவிட முடியாது. கண் ஏமாற்றும், உப்பு வெளியின் வெயிலில் நேர்மையானவர் இருவருக்கே இரண்டு விதமாகத் தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி, இரு அணிகள் தட்டெறிந்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் இருக்கிறது. சென்னைக் கடற்கரை மணலில் இளைஞர்கள் ஆடும் அதே ஆட்டம்தான். அதில் நடுவர் கிடையாது. தவறு நடந்தால் பாதிக்கப்பட்டவரே குரல் கொடுப்பார். எதிரணிக்காரர் ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். இருவரும் நின்று பேசுவார்கள். பேசியும் ஒத்துவராவிட்டால் வாக்கெடுப்பு இல்லை. பெரும்பாலும் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும். அந்த எறி நடக்காததாகக் கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடுவார்கள்.