வியாழக்கிழமை மாலைகள்



தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே இங்கிலாந்தில் இருந்த ஒரு சமையலறைதான் மனதில் வரும். அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு இளம் மிஷனரிகள் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் சீகன்பால்க். அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற ஊரின் குருமனைக்கும் அதில் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு மூத்த மகள் எமிலி, அப்பாவின் படிப்பறையில் அதைக் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

அந்த அம்மாதான் சூசன்னா வெஸ்லி. 1669இல் லண்டனில் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம். பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவர்களில் 9 பேரைப் பச்சிளம் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார். கணவர் சாமுவேல் வெஸ்லி ஊர்க் குருவானவர். நல்ல படிப்பாளி, ஆனால் கடன் தீராதவர். 1705இல் கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தபோது, வீட்டில் வேறொன்றும் இல்லாததால் அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். அவற்றை வாங்கிக்கொள்ள மனம் வராமல் கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். 1709 பிப்ரவரியில் ஓர் இரவு வீடே தீப்பற்றி எரிந்தது. மாடி ஜன்னலில் தனியாக நின்ற ஐந்து வயது மகன் ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஊரார் இறக்கினார்கள்.

வீட்டைத் திரும்பக் கட்டும்வரை பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்தார்கள். வந்து சேர்ந்தபோது பேச்சும் பழக்கமும் மாறிப்போயிருந்தன. அம்மையார் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். அதற்குப் பின்தான் தரங்கம்பாடிக் கடிதங்கள் அவர் காதில் விழுந்தன. பல நாட்கள் அவருக்கு வேறு நினைவே இல்லை. தான் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யலாமே என்று தோன்றியது. சரி, சொந்தப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்தார்.

என்ன செய்தார் தெரியுமா? நாளுக்கு ஒரு பிள்ளை என்று மாலை நேரத்தைப் பங்கிட்டார். திங்கள் மோலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி குட்டிப் பையன் சார்லஸுக்கு. ஞாயிறு மட்டும் எமிலிக்கும் சூக்கிக்கும் சேர்த்து. அந்த நேரம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். அதன் பயம், சந்தேகம், விசுவாசம், எதைப் பற்றியும் அம்மாவிடம் பேசலாம். பத்துப் பிள்ளைகள் பெற்ற நம் பாட்டிமாரை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் அடுப்படியில் முழங்கால் போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லி ஜெபித்தவர்கள் அவர்கள்.

அதே காலத்தில் கணவர் லண்டன் போயிருந்தார். ஞாயிறு மாலைகளில் சமையலறையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் அம்மையார் பிரசங்கம் வாசித்தார். ஒரு வேலைக்காரப் பையன் தன் வீட்டில் சொல்ல, அவன் பெற்றோர் வந்தார்கள். பிறகு முப்பது, நாற்பது என்று வளர்ந்து இருநூறு பேர் வரை கூடினார்கள். உதவிக் குருவுக்குப் பொறுக்கவில்லை, புகார் போயிற்று. நிறுத்தச் சொன்ன கணவருக்கு அம்மையார் எழுதிய பதில் என்னை இன்றும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. விரும்புகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், கட்டளையாகவே இடுங்கள். அப்போது கடவுள் முன் கணக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது அல்ல என்ற பொருளில் எழுதினார். அந்தக் கட்டளை வரவே இல்லை.

பின்னாளில் ஹெட்டி வழிதவறியபோது, அந்த மகளிடம் குடும்பம் காட்டிய கடுமையில் அம்மையாருக்கும் பங்கு உண்டு. அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பிள்ளை அல்லவா அவள்!

ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரானார். 1732இல், வயது 28 இருக்கும், அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார்: முன்பு வியாழக்கிழமை மாலையில் எனக்கென்று ஒதுக்கிய அந்தச் சிறு பொழுதை இப்போதும் தர முடிந்தால், அது என் மனதைச் செப்பனிட உதவும் என்று கேட்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தை உருவாக்கிய ஜான் வெஸ்லி இவர்தான். வியாழக்கிழமை மாலை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. 1814இல் இந்த இயக்கத்தின் ஊழியர்கள் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள்.

1735இல் கணவர் காலமானதும் அம்மையாருக்குச் சொந்தமென்று ஒரு வீடு இல்லை. எமிலி வீடு, மூத்த மகன் வீடு, இன்னொரு மகள் வீடு என்று மாறி மாறி இருந்தார். நம் பாட்டிமார் துணிமூட்டையோடு வந்து இறங்குவது போலத்தான். கடைசியில் லண்டனில் ஜானோடு தங்கினார்.

1742 ஜூலை. வயது 73. ஜானும் பெண்மக்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தான் விடுதலை பெற்றதும் துதிப் பாடல் ஒன்று பாடும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு நின்றது. பிள்ளைகள் பாடினார்கள்.