கண்ட ஒளியும் காட்டும் உரிமையும்

அழகிய காட்சி ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் அருகிலிருப்பவரின் தோளைத் தொட்டு, "அங்கே பாருங்கள்" என்று சுட்ட விழைவது மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த குணம். பேசக் கல்லாத குழந்தைகூட நிலவைக் கண்டால் விரல் நீட்டுகிறது. நீட்டிய பின் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. தாயும் கண்டாள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதற்கு நிலவு முழுமையாகக் கிடைத்ததாகிறது. தனித்து உண்பவனைப் பழித்த நம் முன்னோர், தனித்துக் காண்பவனைப் பழித்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. உணவு பகிரப் பகிரக் குறையும். ஆதலால் பகிர்வதில் ஈகை இருக்கிறது. அந்திச் செம்மையை ஆயிரம் பேருக்குக் காட்டினாலும் காட்டியவனுக்கு ஒரு துளியும் குறைவதில்லை. குறையாத ஒன்றைக் கொடுப்பது கொடையாகுமா? வானத்தையும் செடியையும் சுவரில் விழும் வெயிலையும் படமெடுத்து, நண்பர்க்கும் முகமறியாதார்க்கும் அனுப்பி வைக்கும் பழக்கம் வீடுதோறும் பரவிவிட்ட இந்நாளில், இக்கேள்வியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது தகும்.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இப்பழக்கத்தின்பால் நாட்டம் மிகுவதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. இங்கே கதிரவன் சாய்ந்து தேய்ந்து மறைவதில்லை; ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கிவிடுகிறான். வடபுலத்து நாடுகளில் கோடைக் காலத்து அந்தி மணிக்கணக்கில் நீளும். நம் அந்தியோ அரை மணிக்குள் அடங்கிவிடும். அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்திலிருந்து ஒருவர் அழைக்க, மற்றவர் மின்தூக்கிக்குக் காத்து நின்று மேலே வருவதற்குள் மேகத்தின் நிறம் சாம்பலாகிவிடுகிறது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் உடன் தள்ளியது. அன்று தொட்டு ஏழு மணியை ஒட்டி விடிகிறது. ஏழு மணியை ஒட்டியே பொழுதும் சாய்கிறது. வேலை முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்பவர் செவ்வானத்தைக் காண்பதற்கு அரசாணையும் ஒரு காரணம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆகவே இங்கே எடுக்கப்படும் வானப் படம் பெரும்பாலும் ஓர் அழைப்பின் மாற்றுருவே. "வந்து பாருங்கள்" என்று சொல்ல நேரமில்லாதவர், "வந்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பீர்கள்" என்கிறார்.

இதனைப் புதுமோகம் என்று தள்ளிவிடுவோரும் உளர். அவர்கள் புகைப்படக் கலையின் வரலாற்றை நோக்குவது நலம். இன்றளவும் எஞ்சியிருக்கும் புகைப்படங்களுள் மிகப் பழையது 1826 அல்லது 1827இல் பிரான்சு நாட்டின் நியெப்சு என்பார் தம் வீட்டுப் பலகணியிலிருந்து எடுத்தது. அதில் மன்னரும் இல்லை, மாளிகையும் இல்லை. கூரைகளும் அவற்றின் மேல் விழுந்த வெயிலுமே உள்ளன. ஒளியைப் பதிக்க நெடுநேரம் வேண்டியிருந்தமையால் கதிரவன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றுவிட, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒளி பெற்றிருக்கின்றன. ஒரு பகற்பொழுதின் வெயில் முழுதும் ஒரே தகட்டில் படிந்து கிடக்கிறது. அன்றாட ஒளியைப் பிடித்து வைப்பதிலேதான் இக்கலை கண் விழித்தது எனலாம்.

என் உள்ளத்தை இன்னும் ஆழமாகத் தொட்டவர் இங்கிலாந்தின் ஆன்னா அட்கின்ஸ் அம்மையார். 1842இல் சர் சான் எர்செல் நீலப்படிமுறையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அம்மையார் அதனைக் கையாண்டு, கடற்பாசிகளை மருந்திட்ட தாளின் மேல் நேரே கிடத்தி வெயிலில் வைத்து, நீரில் அலசிப் படமாக்கத் தொடங்கிவிட்டார். நீலப் பின்னணியில் வெண்மையாய், நீருக்குள்ளேயே மிதப்பன போன்ற பாசிகள். 1843 முதல் 1853 வரை பத்தாண்டுகள் அந்தப் படங்களைத் தாள் தாளாகத் தாமே செய்து, பகுதி பகுதியாகச் சேர்த்து அறிஞர்க்கும் நண்பர்க்கும் வழங்கினார். புகைப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று இன்று அதனைப் போற்றுகிறார்கள். அம்மையாரோ தம் முழுப்பெயரை அதில் பொறிக்கவில்லை; இரண்டு முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தார் ஒருவர் அவ்விரண்டு எழுத்துகளையும் 'பெயரறியா ஆர்வலர்' என்பதன் சுருக்கமாகக் கொண்டுவிட்டார் என்றால், அவர் தம்மை எவ்வளவு மறைத்துக்கொண்டார் என்பது விளங்கும்.

குறையாததைக் கொடுப்பது கொடையாகுமா என்று கேட்டோமே, அதற்கு ஒரு விடை இங்கே தென்படுகிறது. வெயிலும் பாசியும் அம்மையாருக்குச் சொந்தமல்ல. அவற்றை அவர் கொடுக்கவுமில்லை. அவர் கொடுத்தது பத்தாண்டுக் கவனத்தை. கவனம் குறையக்கூடிய பொருள். ஒரு நாளைக்கு நமக்கு வாய்ப்பது இவ்வளவுதான் என்று அளவுபட்டது. வானத்தைப் படமெடுத்து அனுப்புபவர் வானத்தை அனுப்புவதில்லை. அதனைக் காண்பதற்குத் தாம் செலவிட்ட பொழுதையே அனுப்புகிறார். செலவிடாதவர் அனுப்பும் படத்தில் வானம் இருக்கும், வேறொன்றும் இராது. ஒரே நொடியில் நாற்பது படம் எடுத்து நாற்பதையும் அனுப்புபவரிடம் நமக்குச் சலிப்பு உண்டாவது இதனால்தான். அவர் தெரிந்தெடுக்கும் உழைப்பைத் தாம் செய்யாமல் நம் தலையில் ஏற்றிவிடுகிறார்.

அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்சு 1922இல் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கியதற்கு ஒரு பிணக்கே காரணம் என்பர். அவருடைய மனிதப் படங்களின் ஆற்றலுக்கு, எதிரே அமர்ந்தவர்களை அவர் வசப்படுத்திக்கொண்டதே காரணம் என்று ஒருவர் எழுதிவிட்டாராம். யாருக்கும் வசப்படாத, யார் தலைக்கு மேலும் வரியின்றிக் கிடக்கும் மேகத்தைக் கொண்டு தாம் கற்றதைக் காட்டுவோம் என்று அவர் துணிந்தார். நிலமும் மரமும் அடியோடு நீங்கிய, எது மேல் எது கீழ் என்று அறிய முடியாத அப்படங்களுக்கு 1925 முதல் 'நிகரானவை' என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார். தம் உள்ளத்து உணர்வுக்கு நிகர் என்பது கருத்து.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. பொழுதையும் நிலத்தையும் முதற்பொருள் என்றும், மரமும் பூவும் பறவையும் கருப்பொருள் என்றும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது நம் இலக்கணம். மாலை என்றால் முல்லை, அங்கே காத்திருத்தல். சாயும் பொழுதாகிய எற்பாடு என்றால் நெய்தல், அங்கே இரங்கல். ஒளியின் சாய்வுக்கும் உள்ளத்தின் சாய்வுக்கும் தொடர்பு கண்டவர்கள் நாம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம் புலவர்கள் முதலும் கருவும் மட்டும் பாடி உரியை விட்டுவிட்டவர்கள் அல்லர். செவ்வானத்தின் கீழே காத்திருக்கும் ஒருத்தி இருப்பாள். இன்று நமக்கு வந்து குவியும் படங்கள் பலவற்றில் வானம் இருக்கிறது, கிளை இருக்கிறது, அதன் கீழ் யாரும் இல்லை. எடுத்தவரின் உணர்வே அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாதபோது படம் நாட்காட்டி அட்டையாகிவிடுகிறது.

யாருமில்லாத வானம் சில வேளைகளில் பொய்யாகவும் ஆகிவிடும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிமண் நிலமும் எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் நம்மேல் கவிகிறது. 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐயும் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 சூன் 21 அன்று சிங்கப்பூரில் அளவு 401 ஆக உயர்ந்தது. 300ஐக் கடந்தாலே அபாய நிலை. அத்தகைய நாள்களில் புகைத்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துவிட, கதிரவன் கண்கூசாத செவ்வட்டமாய்த் தொங்குகிறான். குங்குமத்தை வழித்து வைத்தாற்போன்ற அழகு, மறுப்பதற்கில்லை. அதே நேரத்தில் மருந்தகங்களில் முகக்கவசம் கிடைக்காமல் அலைகிறார்கள், பள்ளிகள் மூடப்படுகின்றன, ஈளை நோயுள்ள முதியவர் சாளரத்தைச் சாத்திக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். அந்தச் செவ்வட்டத்தைப் படமெடுத்து 'என்னே எழில்' என்று அனுப்புவது அறமா?

எடுக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழகு தோன்றும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதால் ஒருவருடைய மூச்சும் சீராகப்போவதில்லை. குற்றம் படத்தில் இல்லை. புகையின் பெயரைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் காட்டும் மௌனத்தில் இருக்கிறது. படத்தின் கீழ் நாளும் குறியீட்டு எண்ணும் எழுதப்பட்டால் அதே படம் சாட்சியாகிவிடும். நிறம் அப்படியே இருக்கும். காண்பவர் நெஞ்சில் அது இறங்கும் விதம் மாறும்.

உண்மை பற்றிய பேச்சு வந்தமையால் கஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுக் கலைஞரையும் குறிப்பிட வேண்டும். 1850களின் கண்ணாடித் தகடுகள் நீலத்தை மிகையாக ஏற்றன. கடலுக்கேற்ப ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் கடலுக்கு ஒரு தகடு, மேகத்துக்கு வேறொரு தகடு என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்தார். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களின் மேல் ஏற்றியதும் உண்டு. இன்றைய கைப்பேசியும் பல படங்களைத் தானே கோத்து வானையும் மண்ணையும் சமன் செய்கிறது. இதனைப் பொய் என்று நான் கருதவில்லை. கண் செய்யும் வேலையையே கருவி செய்கிறது. ஆனால் பிறிதொரு நாளின் வானத்தை ஒட்டிவிட்டு, 'இன்று மாலை எங்கள் வீட்டுக்கு மேலே' என்று எழுதுபவர் வாக்குத் தவறுகிறார். ஓவியம் "நான் இப்படி எண்ணினேன்" என்கிறது. புகைப்படம் "நான் அங்கே இருந்தேன்" என்கிறது. அச்சொல்லை நம்பித்தான் நாம் படத்தை வாங்கிக்கொள்கிறோம்.

அங்கே இருந்தவர்கள் அனைவர்க்கும் காட்டும் உரிமை கிட்டியதா என்பது வேறு வினா. நம்மவர்க்கு அது மிக அண்மையானது. பால்மரக் காட்டின் விடியலைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நம் தோட்டப்புறத்து மக்கள். விடிவதற்கு முன்னரே பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குளிர் நீங்குமுன் பால் நன்கு ஒழுகும் என்பதால் இருட்டிலேயே மரத்தை அடைந்தார்கள். மரங்களின் வரிசைக்கிடையே முதல் வெயில் சாய்கோடுகளாய் இறங்குவதை அவர்களைப்போல் யார் கண்டிருக்க முடியும்? அவர்கள் கையில் புகைப்படக் கருவி இல்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்துத் தோட்டப் படங்களைப் பாருங்கள்: வரிசையாய் மரம், வரிசையாய் ஆள். இரண்டையும் உடைமையாகக் கண்ட கண் எடுத்தவை பல. நம் குடும்பங்கள் படமெடுத்துக்கொள்ள விரும்பியபோது பட்டணத்துப் படக்கடைக்குப் போய், திரையில் தீட்டப்பட்ட பூங்காவின் முன்னும் மேகத்தின் முன்னும் விறைத்து நின்றார்கள். மெய்யான விடியலை நாள்தோறும் கண்டவர்க்குத் தீட்டிய வானமே படத்தில் வாய்த்தது.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடியலைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். இதனை வெட்டிப் பொழுதுபோக்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்களை நான் அறிவேன். நின்று பார்ப்பதற்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வை உழைத்து ஈட்டிக் கொடுத்தவர்கள் முந்திய தலைமுறையினர். பிள்ளைகள் அதனைச் செலவிடும்போது நாம் ஏன் வருந்த வேண்டும்? அதே வேளையில், அவர்கள் அழகாகக் காண்பதும் அவர்தம் முன்னோர் கண்டதும் ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது.

எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், மீந்திருக்கும் பால்மரக் காடு ஒன்றில் அதிகாலையில் எடுத்த படத்தைத் தம் பாட்டியிடம் காட்டினார். இளமை முழுதும் பால் வெட்டியவர் அந்த அம்மையார். மூடுபனிக்குள் ஒளிக்கற்றைகள் இறங்க, மரப்பட்டைகள் கருமையாய் மின்னும் படம். அதனைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டிருந்தார். பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கா பாட்டி?" என்று பேரன் கேட்டார்.

"ராத்திரி மழ பேஞ்சிருக்குய்யா. மரமெல்லாம் ஈரமா கெடக்கு. அன்னிக்கு வெட்டு இருந்திருக்காது" என்றார் பாட்டி.