பூசலாரின் கோயிலும் இதயச் செல்லின் கால்சியமும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரில் உள்ள இருதயாலீசுவரர் கோயில், இறைவன் உறையும் இடம் எது என்ற கேள்வியோடு பிணைந்தது. சிவனுக்குக் கோயில் எழுப்பப் பொருள் தேடிக் கிடைக்காத அவ்வூர்ப் பூசலார் நாயனார், மனத்துக்குள்ளேயே நிதி திரட்டினார், தச்சரைச் சேர்த்தார், அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைத் தம் கற்றளிக்குக் குறித்திருந்த காடவர் மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, வேறு நாள் கொள்ளச் சொன்னதாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. இன்று இதய நோயாளிகள் நலம் வேண்டி இக்கோயிலுக்கு வருகிறார்கள்.

பக்தி மரபு நெஞ்சை இறைவனின் இருப்பிடமாகக் கொள்கிறது. மூலக்கூறு உயிரியலோ அதே நெஞ்சைப் புரதங்களும் அயனிகளும் இயக்கும் தசையாக விவரிக்கிறது. பின்னது முன்னதைப் பொய்யாக்குகிறதா?

இதயம் சுருங்கக் கால்சியம் தேவை என்பதை 1880களில் சிட்னி ரிங்கர் காட்டினார். ஓய்வில் இருக்கும் இதயச் செல்லுக்குள் தனித்து உலவும் கால்சியம், வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். மின் துடிப்பு வந்ததும் கால்சியம் பாய்ந்து பெருகுகிறது; தசை சுருங்குகிறது. பிறகு செர்கா என்னும் புரதப் பம்பு அதன் பெரும்பகுதியைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறைக்கு இறைத்துவிடுகிறது, தசை தளர்கிறது.

இந்தப் பம்பை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவில் பணியாற்றிய முத்து பெரியசாமி. செர்கா-2 மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்றை இழந்த எலிகளின் இதயம் சுருங்குவதிலும் தளர்வதிலும் பின்தங்கியதை அவரது குழு 1999-இல் வெளியிட்டது. எலும்புத் தசையில் சார்கோலிப்பின் என்ற சிறு புரதம் செர்காவோடு சேரும்போது உடல் வெப்பம் உண்டாவதை 2012-இல் காட்டியது. பம்பின் பணி, அது எதனோடு சேர்கிறது என்பதையும் பொறுத்தது.

அச்சம் இதயத்தை எட்டும் வழியும் இன்று தெரியும். நரம்பு முனையில் சுரக்கும் நார்அட்ரினலின், செல்லின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பியைத் தொடுகிறது. உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறு பெருகுகிறது. செர்காவைக் கட்டுப்படுத்தும் ஃபாஸ்போலாம்பன் தன் பிடியைத் தளர்த்துகிறது, துடிப்பு வலுக்கிறது. சுழல் ஏ.எம்.பி.யைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்ட் 1971-லும், இத்தகைய ஏற்பிகளை விளக்கிய லெஃப்கோவிட்சும் கோபில்காவும் 2012-லும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் மாடிப்படி ஏறுபவருக்கும், துயரச் செய்தி கேட்டவருக்கும், சன்னிதியில் உருகி நிற்பவருக்கும் இதயச் செல்லில் இதே தொடர்தான் நிகழக்கூடும். துடிப்பு எப்படி விரைந்தது என்பதைச் செல் சொல்லும்; எதற்காக விரைந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு அந்த மனிதரின் வாழ்வை அறிய வேண்டும். பூசலார் கட்டியதும் தசைக்குள் ஓர் இடத்தில் அன்று, இடைவிடாத நினைவில். ஆகவே ஆய்வகம் அந்தக் கோயிலை மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை.

இதனால் உள்ளம் வேறு, உடல் வேறு என்று பிரித்துவிடவும் முடியாது. நார்அட்ரினலின் தூண்டல் நாள்பட நீடித்தால் இதயம் நலிகிறது. இதயச் செயலிழப்பில் பீட்டா ஏற்பிகள் குறைகின்றன. செர்காவின் செயல்பாடும் தாழ்கிறது. பீட்டா தடுப்பு மருந்துகள் அந்த ஓயாத தூண்டலிலிருந்தே இதயத்தைக் காக்கின்றன. உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதே என்ற திருமூலரின் நெறிக்கு இந்த அறிவு வலுச் சேர்க்கிறது.

இங்கிருந்து ஓர் அறக்கடமை பிறக்கிறது. பூசலாரின் கோயில் உள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. உலை வெப்பமும், இரவுப் பணியில் கெடும் உறக்கமும், வேலை நிலைக்குமா என்ற கவலையும் இதயச் செல்லை எட்டும் வழிகளுள் இதே பீட்டா ஏற்பிகளும் அடங்கும். நெஞ்சம் இறைவன் உறையும் இடம் என்று நம்புகிறவர்கள், தொழிலாளியின் ஓய்வையும் குடிநீரையும் மருத்துவத்தையும் அந்த நம்பிக்கைக்குப் புறம்பானவையாக ஒதுக்க முடியாது. நெஞ்சு புனிதமானது என்றால், அதை நலிவிக்கும் சூழலை மாற்றுவதும் வழிபாட்டின் பகுதியே.